மண்ணுக்குள்ளே ஒரு மூச்சு

சின்னவனுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் கொறடு இருக்கும்போதே டாக்டருக்கு ஜோக் சொன்னவன். முப்பதைத் தாண்டி, முன்மண்டையில் முடியும் குறைந்தாகிவிட்டது. இன்னும் அவன் சின்னவன்தான். அன்றைக்கு அகழாய்வுத் திடலின் வாசலில் காரை நிறுத்தியதிலிருந்து அவன் இடைவிடாமல் பேசிக்கொண்டு வந்தான் என்றால், உள்ளுக்குள் எவ்வளவு நடுங்கினான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஊர்ல எல்லாரும் ஆள் செத்த பிறகுதான் குழி தோண்டுவாங்க. இவங்க என்னடான்னா தோண்டி வெச்சுட்டு ஆளுக்குக் காத்திருக்காங்க."

"வாயை மூடு. பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்துப் பேசு."

பின்னால் நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு சின்ன நீலப் பம்ப், ஆஸ்துமாக்காரர்கள் வாயில் வைத்து இழுப்பார்களே, அது. காலையில் அண்ணியின் அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

அண்ணி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரியாத கடை எரிந்தது என்றும், சாகாத மாடு செத்தது என்றும் எழுதிக் கொடுப்பவர்களின் வீட்டுக்குப் போய், கடையையும் மாட்டையும் கண்டுபிடித்துவிட்டு வருகிற வேலை. அது அலுத்துப் போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கணவன் கப்பலில். கணவனின் தம்பியோ வீட்டில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தான். "எழுந்து வாடா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்படித்தான் சின்னவன் உதவியாளன் ஆனான்.

நர்ஸின் தங்கை இந்தத் திடலில் படமெடுப்பவள். வேலையாட்கள் அவளைப் படக்காரி என்பார்கள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் குரலை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் போனிலிருந்து அக்காவுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது. வேலையை விட்டுவிட்டேன், மனசு சரியில்லை, ரெண்டு நாள் தனியாக இருக்கப் போகிறேன், தேடாதே. போலீஸில், வயது வந்த பெண் சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறாள், பொறுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் தங்கையின் அறைக்குப் போய்ப் பார்த்தாள். துணிப்பை இல்லை. தலையணைக்கு அடியில் பம்ப் இருந்தது.

"குளிக்கப் போனாக்கூட சோப்பு டப்பாவோட சேர்த்து இதை எடுத்துட்டுப் போவா மேடம்," என்றாள் நர்ஸ், எத்தனையாவது தடவையாகவோ. "இதை விட்டுட்டு எங்கயும் போக மாட்டா. யாரோ பையை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. தலையணையைத் தூக்கிப் பார்க்கத் தெரியலை."

வானம் மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது. திடல் முழுக்கக் குழிகள். குழிகளுக்குள் செங்கல் சுவர்கள், படிகள், வாசல்கள். ஒரு காலத்தில் பல நாட்டு மாணவர்கள் வந்து தங்கிப் படித்த இடமாம். தூரத்தில் ஒரு பொக்லைன் உறுமிக்கொண்டு ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணைக் காணோம், இங்கே குழியை மூடுகிறார்கள். இதை அவன் ஜோக்காகக்கூடச் சொல்லத் துணியவில்லை.

அகழாய்வை நடத்துகிற பேராசிரியர் தொப்பியைக் கழற்றியபடி எதிரே வந்தார். மெலிந்த மனிதர், வெயிலில் கறுத்த முகம், மெதுவான பேச்சு.

"அவ எனக்குப் பொண்ணு மாதிரிம்மா. நேத்து என்னமோ கோபத்துல இருந்தா. பையை மாட்டிக்கிட்டு மெயின் ரோடு பக்கம் போனதை என் கண்ணால பார்த்தேன். தடுத்திருக்கணும். என் தப்புதான்."

"எதுக்குக் கோபம்?" என்றாள் அண்ணி.

"வேலை அதிகம். நாளைக்கு அதிகாரிகள் வர்றாங்க. இது வெறும் பழைய குடியிருப்பா, பெரிய கல்விச்சாலையான்னு நாளைக்கு முடிவாகுது. குடியிருப்புன்னு எழுதிட்டாங்கன்னா இதுக்கு மேல ரோடு போட்டுடுவாங்க. எல்லாருக்கும் தூக்கமே இல்லை."

பேசிக்கொண்டே இடத்தைச் சுற்றிக் காட்டினார். சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் படுக்க ஒரு செங்கல் மேடை, சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம்.

"ஜன்னலே காணோமே சார்?" என்றான் சின்னவன். "பரீட்சைக்கு முந்தின நாள் எவனும் எகிறிக் குதிச்சு ஓடிடக் கூடாதுன்னா?"

பேராசிரியர் மனம்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே முகம் சுருங்கிப் போயிற்று. கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு மண் முத்திரையைக் காட்டினார். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஒரு விளக்கு, அதன் கீழே மூன்று வரி எழுத்து. "போன வாரம் கிடைச்சது. இந்தக் கல்விச்சாலையோட சொந்த முத்திரை. இது ஒண்ணு போதும், எவனும் ரோடு போட முடியாது."

"ஏன் சார் குழியெல்லாம் மூடறீங்க?" என்று அண்ணி கேட்டாள். "கண்டுபிடிச்சதை மறுபடி புதைப்பாங்களா?"

"வெயில், மழை பட்டா செங்கல் உதிர்ந்துடும்மா. அதனால வேலை முடிஞ்சதும் மண் போட்டு மூடிடுவோம். அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல நீல விரிப்பு. மண்ணு நேரா செங்கல் மேல படக் கூடாது. விரிப்பு மேல இந்த வருஷத்துக் காசு ஒண்ணு. நூறு வருஷம் கழிச்சு வேற ஒருத்தன் தோண்டினா, ஓகோ, நமக்கு முன்னாடி இது வரைக்கும் தோண்டியிருக்காங்கன்னு அவனுக்குத் தெரியணும் இல்லையா?" சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. "சில இடத்தைத் தொடவே மாட்டோம். அதோ, கருவிக் கொட்டகை நிக்கிற இடம். அதுல மண்வெட்டியே படலை. நம்மைவிடக் கெட்டிக்காரங்க பின்னாடி வருவாங்க, அவங்களுக்கு விட்டு வெச்சிருக்கு."

முற்றத்தின் நடுவே ஒரு செங்கல் வாய்க்கால் ஓடியது. அதையும் அவர் விடவில்லை. "போன மாசம் தூர் எடுத்தோம். மழை பெஞ்சா தண்ணி இன்னிக்கும் விழுந்தடிச்சு ஓடும். அந்தக் காலத்துக் கொத்தனார் கட்டினது!"

"எங்க போய்ச் சேரும்?" என்றாள் அண்ணி.

"அது... மண்ணுக்குள்ள எங்கயோ போகுதும்மா."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சின்னவனே, போய்ச் சுத்திப் பார்த்துட்டு வா. கண்ணாலயும் காதாலயும் பாரு. வாய்க்கு லீவு கொடு."

தனியாகப் போ என்றால் எவனுக்குத்தான் நடுங்காது? சின்னவன் குழிகளின் ஓரம் ஓரமாக, எட்டிப் பார்த்தும் பார்க்காமலும் நடந்தான். திடலின் தாழ்ந்த மூலையில் வாய்க்கால் தரைக்குள் நுழைகிற வாய் இருந்தது. மனிதத் தலை நுழையாது. பூனை தாராளமாக நுழையும். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, உள்ளே விழுந்த மண்ணைத் தட்டினான்.

அப்போது கேட்டது.

ஹ்ஹீ...

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஒரு இலைகூட ஆடவில்லை.

ஹ்ஹீ... ஹ்ஹீ... க்.

சத்தம் வாய்க்காலுக்குள்ளிருந்து வந்தது. யாரோ நெஞ்சை அறுத்துக்கொண்டு மூச்சு இழுப்பது போல ஒரு சத்தம். ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற ஷூவோடு ஓடி வந்தான்.

"அண்ணி! வாங்க, வீட்டுக்குப் போவோம்! இங்க படிச்ச பசங்க யாரோ இன்னும் பாஸாகாம உள்ளயே இருக்காங்க!"

"உளறாதே. என்ன பார்த்தே?"

"பார்க்கலை, கேட்டேன். அந்த வாய்க்கால் மூச்சு விடுது அண்ணி. இப்படி..." சின்னவன் தொண்டையை இறுக்கிக்கொண்டு இழுத்துக் காட்டினான். "ஹ்ஹீ... ஹ்ஹீ... க். கடைசியில ஒரு க். விக்கல் மாதிரி."

பேராசிரியர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. நர்ஸ் சின்னவனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

"இன்னொரு தடவை செய்யுங்க."

செய்தான்.

"அது அவதான்," என்றாள் நர்ஸ். "சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். இழுப்பு முத்திப் போனா அந்தக் க் வரும். அது வந்துட்டா அதிக நேரம் தாங்க மாட்டா. மேடம், என் தங்கச்சி மண்ணுக்கடியில இருக்கா!"

பேராசிரியர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "நூலகக் குழி!" என்று கத்தினார். "நேத்து அங்கதான் படம் எடுத்துட்டிருந்தா! சரிஞ்சு விழுந்திருப்பா! ஐயோ, அதைத்தானே மூடிட்டிருக்கான்!"

பொக்லைனை நோக்கி ஓடினார். நர்ஸ் அவருக்கு முன்னால் ஓடினாள். இயந்திரம் நின்றது. நர்ஸ் குழியில் குதித்து வெறும் கையால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். "ஐயா, இன்னிக்குக் காலையில நீங்களும் நானும் சேர்ந்துதானே இதுல விரிப்பு போட்டோம்? உள்ள ஒரு தவளைகூட இல்லையே?"

"பேசாம தோண்டுய்யா! பக்கத்துல சரிஞ்சிருக்கும்!"

அண்ணி குழிக்குப் போகவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்கு ஒரு முட்டி சரியில்லை.

"அண்ணி, வாங்க, நாமளும் தோண்டுவோம்!"

"எங்க தோண்டுவே? வாய்க்கால் திடல் பூரா அடியில ஓடுது. சத்தம் எங்கேருந்து வேணா வந்திருக்கலாம். தப்பான இடத்தைத் தோண்டினா அந்தப் பொண்ணு போயிடும்." மெதுவாகச் சொன்னாள். கோலின் நுனி மட்டும் மண்ணில் ஒரே இடத்தைக் குத்திக் குத்திக் குழி போட்டது. சின்னவன் அதைப் பார்த்துவிட்டான். அண்ணி பயந்து அவன் பார்த்ததே இல்லை.

முதல் மழைத்துளி அவன் வழுக்கையில் விழுந்தது. பிறகு படபடவென்று இறங்கியது.

அண்ணி மூடிய குழிகளின் ஓரமாகவே, குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தாள். ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் நீல விரிப்பின் ஓரம் மண்ணுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. மழை வலுத்ததும் சின்னவன் அவளைக் கைத்தாங்கலாகக் கருவிக் கொட்டகைக்குள் கூட்டிப் போனான். தகரக் கூரை, மண் தரை. சல்லடைகள், வாளிகள், ஒரு பக்கம் மண் மூட்டைகள்.

"சின்னவனே, இந்த இடத்தைத் தோண்டினதா சொன்னாரா?"

"தொடவே இல்லைன்னாரே. நம்மைவிடக் கெட்டிக்காரங்களுக்கு விட்டு வெச்சிருக்காராம். என்னைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை வந்திருக்கும்."

"அப்ப இது என்ன?"

கோலின் நுனியால் காட்டினாள். மண் மூட்டைக்கு அடியில், தரை மண்ணிலிருந்து, விரல் அகலத்துக்கு நீலம் எட்டிப் பார்த்தது.

சின்னவன் மூட்டையில் கை வைத்தான்.

"தம்பி, அதைத் தொடாதீங்க."

வாசலில் பேராசிரியர் நின்றார். தொப்பி இல்லை. தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கையில் மண்வெட்டி. கொட்டகைக்கு அந்த ஒரு வாசல்தான்.

"சார், நான் எங்க தொட்டேன்? எங்க அண்ணிதான் தொடச் சொன்னாங்க. எனக்கு மூட்டைன்னாலே சின்ன வயசுலேர்ந்து ஆகாது." சின்னவன் பேசியபடியே நகர்ந்து அண்ணிக்கு முன்னால் வந்து நின்றான்.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள் அண்ணி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து. "தோண்டாத இடத்துல எதுக்கு விரிப்பு?"

"பழைய துண்டு... காத்துல பறந்து வந்திருக்கும்."

"பறந்து வந்து மண்ணுக்கடியில போய்ப் படுத்துக்குச்சா?"

பேராசிரியர் ஒரு அடி உள்ளே வந்தார். மண்வெட்டியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"வருஷக்கணக்கா பொய் க்ளெய்ம் பார்த்தவ நான். பொய் சொல்றவங்க பேச்சை மாத்துவாங்க, நேரத்தை மாத்துவாங்க. பழகின கையை மட்டும் மாத்த வராது. ஒரு திருடன் இங்க ஆளை அடைச்சிருந்தா மண்ணை வாரிக் கொட்டிட்டு ஓடியிருப்பான். உள்ள உயிரோட ஒரு பொண்ணு கத்திக்கிட்டிருக்கும்போது, பழைய செங்கல் மேல மண்ணு படக் கூடாதேன்னு விரிப்பு விரிக்கிற ஆளு இங்க ஒருத்தர்தான் இருக்கார். சின்னவனே, தோண்டு. விரிப்பு மேல ஒரு காசு இருக்கும். இந்த வருஷத்துக் காசு."

சின்னவன் மண்வெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், மூட்டையைக் காலால் தள்ளிவிட்டுக் குனிந்து மண்ணைத் துழாவினான். ஈர மண், நீல விரிப்பு, அதற்கு மேல் வட்டமாக ஏதோ.

"அண்ணி... பளபளன்னு இருக்கு."

மண்வெட்டி தரையில் விழுந்தது. பேராசிரியரும் கிட்டத்தட்ட அதோடு சேர்ந்தே விழுந்தார்.

"கொல்லணும்னு நினைக்கலைம்மா. சத்தியமா இல்லை. முத்திரை நான் செஞ்சு வெச்சது. வேற வழி தெரியலை. இத்தனை வருஷம் தோண்டியும் பெயர் சொல்ற பொருள் ஒண்ணுகூட கிடைக்கலை. இது அந்தக் கல்விச்சாலைதான்னு எனக்குத் தெரியும். அதிகாரிகளுக்கு எப்படிக் காட்டுவேன்? அவ கண்டுபிடிச்சுட்டா. முத்திரை கிடைச்ச இடத்தை முந்தின நாளே படம் எடுத்திருக்கா, மண்ணு வெறும் மண்ணா இருந்திருக்கு. நாளைக்கு அதிகாரிகள்கிட்ட சொல்லிடுவேன்னா."

"இதுக்குக் கீழே என்ன இருக்கு?" என்றாள் அண்ணி.

"நிலவறை. வாய்க்காலைத் தொடர்ந்து ரகசியமா தோண்டிக்கிட்டு வந்தப்ப படிக்கட்டு தெரிஞ்சுது. உள் அறைக்கு நானே இன்னும் போகலை. படம் எடுக்காம ஒரு இடத்துல கால் வைக்கக் கூடாது, அது முறை. படம் எடுன்னு சொல்லித்தான் அவளை இறக்கினேன். மேல பலகையைப் போட்டுட்டேன். அவ போன் மேலயே இருந்துது, அதுலேர்ந்து அக்காவுக்குச் செய்தி அனுப்பிட்டு, அறையிலேர்ந்து துணிப்பையை எடுத்து மறைச்சுட்டேன். தண்ணி வெச்சிருக்கேன், ரொட்டி வெச்சிருக்கேன். நாளைக்கு அவங்க போனதும் திறந்து விட்டுடலாம்னு... ஒரே ஒரு நாள்தானேன்னு..."

நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். கை இரண்டும் மண். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. பம்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது இல்லாம அவளால மூச்சு விட முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

"அடைக்கும்போது தெரியாதும்மா. மூச்சுக்குக் கஷ்டம் இருக்காதுன்னு நினைச்சேன். வாய்க்கால் வழியா காத்து உள்ள வருமே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே முற்றம் குளமாகி, தண்ணீர் அத்தனையும் ஒரே திசையில் விழுந்தடித்து ஓடியது.

"போன மாசம்தானே தூர் எடுத்தீங்க?" என்றான் சின்னவன். அவனுக்கே அவன் குரல் அடையாளம் தெரியவில்லை.

பேராசிரியர்தான் முதலில் மண்வெட்டியை எடுத்தார். ஐயோ, ஐயோ என்று முனகிக்கொண்டே வெட்டினார். டிரைவர் ஓடி வந்து சேர்ந்துகொண்டான். சின்னவன் கையாலும் வாளியாலும் வாரினான். நீல விரிப்பைக் கிழித்து எறிந்தார்கள். கீழே பலகை. பலகையைத் தூக்கியதும் குளிர்ந்த, புளித்த காற்று முகத்தில் அடித்தது. குறுகலான செங்கல் படிகள் இறங்கிப் போய்க் கறுப்புத் தண்ணீருக்குள் மறைந்தன.

நர்ஸ் தங்கையின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அந்த இழுப்புச் சத்தமும் இல்லை.

"நான் இறங்கறேன்," என்றார் பேராசிரியர்.

"நீங்க வேண்டாம்," என்றாள் நர்ஸ். அவள் கால் வைத்துப் பார்த்தாள். தோளை எப்படித் திருப்பினாலும் அந்த இடுக்கில் நுழையவில்லை. டிரைவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆள் கதவு அகலம். எல்லோரும் சின்னவனைப் பார்த்தார்கள். சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாத ஆள்.

"முடியாட்டி சொல்லுடா," என்றாள் அண்ணி. "நான் போறேன்."

"உங்க முட்டியை வெச்சுக்கிட்டு நீங்க இறங்கினா, அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கணும் அண்ணி. எனக்குக் கூலி கட்டுப்படியாகாது." சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றான்.

நர்ஸ் பம்பை அவன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். "நல்லா குலுக்கி, வாய்ல வெச்சு, அவ இழுக்கும்போது அழுத்துங்க அண்ணா. இழுக்கும்போதுதான். மறந்துடாதீங்க."

சின்னவன் போனின் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கடவுளே, கடவுளே என்று மனசு அடித்துக்கொண்டது. எந்த நிமிஷமும் மேலே உள்ளது அத்தனையும் தலையில் இறங்கும் என்று தோன்றியது. முன்னறையில் யாரும் இல்லை. எதிர்ச் சுவரில் தாழ்வான ஒரு வாசல். குனிந்து, மூக்குவரை தண்ணீரில் நனைந்து, உள்ளே நுழைந்தான்.

உள் அறையில் மழையே பெய்துகொண்டிருந்தது. வாய்க்காலின் ஓட்டையிலிருந்து சுவர் வழியாகத் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. கால் வழுக்கிற்று. விழாமலிருக்கச் சுவரைப் பிடித்தான். கை ஒரு மாடத்துக்குள் போயிற்று. உள்ளே உருண்டை உருண்டையாக, கொழகொழவென்று ஏதோ வரிசையாக இருந்தது, கைக்குள் நசுங்கி வழிந்தது. தவளைக் கூட்டம் என்று நினைத்து அலறினான். வாயிலிருந்த போன் தண்ணீரில் விழுந்து அணைந்தது.

கும்மிருட்டு. தண்ணீரின் இரைச்சல் மட்டும். இனி செத்தோம் என்றே முடிவு கட்டிவிட்டான். அம்மாவைக் கூப்பிட்டான், அண்ணியைக் கூப்பிட்டான், கப்பலில் இருக்கிற அண்ணனைக்கூடக் கூப்பிட்டான். வலது கை பயத்தில் இறுகி விரியவே இல்லை; இடது கையை நீட்டி நீட்டித் துழாவினான். ஒரு மேடை தட்டியது. மேடைமேல் ஈரத் துணி. துணிக்குள் ஒரு கணுக்கால்.

அது குளிர்ந்திருந்தது.

மேடைமேல் ஏறி, கூரையில் தலை இடிக்க மண்டியிட்டு, அவள் முகத்தைத் தேடிப் பிடித்தான். உதட்டருகே கன்னத்தை வைத்துப் பார்த்தான். இருக்கிறதா, இல்லையா? நூல் அளவுக்கு ஒரு காற்று அவன் தோலில் பட்டது. பம்பைக் குலுக்கினான். வாயில் வைத்தான். "இழும்மா! தாயே, ஒரே ஒரு தடவை இழு! உங்க அக்கா மேல நிக்கிறா, நான் வெறும் கையோட போனா என்னை உள்ளயே திருப்பி அனுப்பிடுவா!"

ஹ்...

அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அவள் விரல்கள் இருட்டில் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. சின்னவன் வாய்விட்டு அழுதுவிட்டான். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

படிக்கட்டில் ஏறி வந்தது அவனுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. டிரைவரின் கை வந்து இழுத்தது. நர்ஸ் தங்கையைத் தரையில் உட்கார வைத்து, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, பம்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மெதுவாக அந்த மூச்சு நீளமாயிற்று. உதட்டில் நிறம் வந்தது. அண்ணி தன் துப்பட்டாவை எடுத்துச் சின்னவனின் தலையைத் துவட்டினாள். அழுத்தி அழுத்தித் துவட்டினாள். டிரைவர் போலீஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் மூலையில் குந்தியிருந்தார். ஓடவில்லை.

படக்காரி கண்ணைத் திறந்து சுற்றிலும் தேடினாள். அவரைப் பார்த்ததும் கண் நின்றது. நர்ஸ் தங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படக்காரி திட்டப் போகிறாள் என்றுதான் சின்னவன் நினைத்தான். திட்டட்டும், நாலு வார்த்தை நானும் எடுத்துக் கொடுக்கிறேன் என்றிருந்தான்.

"சார்," என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "உள் அறையில... மாடம் இருக்கு. காலையில வாய்க்கால் வழியா... வெளிச்சம் வந்துது. பார்த்தேன். மாடம் பூரா முத்திரை சார். நெசமான முத்திரை. விளக்கு... அதுக்குக் கீழே எழுத்து. வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. நீங்க சொன்னது சரிதான். இது அந்தக் கல்விச்சாலைதான்."

பேராசிரியர் எழுந்துவிட்டார். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் குற்றம் இல்லை, போலீஸ் இல்லை, நாளைய அதிகாரிகள் இல்லை. கல்யாண வீட்டு முகம்.

"இருக்கா? நெசமாவே இருக்கா? சுட்ட மண்ணா?"

"இல்லை சார்," என்றாள் படக்காரி. "பச்சை மண்ணு. காய வெச்சது."

கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. சின்னவனுக்கு அப்போதுதான் உள்ளே மாடத்தில் தன் கைக்குள் நசுங்கியது என்னவென்று புரிந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தான். பேராசிரியர் அதற்குள் கிட்டே வந்துவிட்டார். அடிக்கப் போகிறாரோ என்று சின்னவன் பின்வாங்கினான். அவர் அவன் கையை இரண்டு கையாலும் ஏந்தி, சுருட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கையில் அப்பியிருந்த களிமண்ணை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு எழுத்தாவது மிஞ்சியிருக்கிறதா என்று அவர் தேடினார். சின்னவனின் ரேகை மட்டும் அதில் நன்றாக விழுந்திருந்தது.